கார்பிள்டு ரயில்

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

"ஸ்டேஷன் அறிவிப்பெல்லாம் கார்பிள்டுன்னு சொன்னியே, கார்பிள்டுன்னா முதல் தரமாச்சே, அப்புறம் ஏன் ரயிலை விட்டே?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். நம் குடோனில் தூசி, காம்பு, பொக்கு போக்கிய மிளகுதான் கார்பிள்டு. இங்கேயோ ஒரு எழவும் விளங்காத பேச்சுக்கு அந்தப் பெயர்.

உங்கள் அர்த்தம்தான் பழசு. சலிப்பதற்கான அரபிச் சொல், இத்தாலி வியாபாரிகள் வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. லண்டனில் கார்பிளர் என்று ஓர் அதிகாரியே இருந்தாராம். எந்தக் கிடங்கிலும் நுழைந்து சரக்கைச் சலித்துப் பார்க்கலாம். உங்களுக்கு அந்த உத்தியோகம் கிடைத்திருந்தால் பாதிக் கடை மூடியிருக்கும். 1707-இல் அதற்கான சட்டத்தை ரத்து செய்துவிட்டு, நகரத்தின் வருமான இழப்புக்கு ஈடாகத் தரகர்களைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தார்கள். சல்லடை போய்த் தரகர் வந்தார்! நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

இன்னொரு பக்கம், ஒருவர் சொன்னதில் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கித் திரித்துப் பேசுவதும் கார்பிள் ஆனது. பெரியத்தை செய்வாரே, அதேதான். அங்கிருந்து குழறலுக்கு எவ்வளவு தூரம்?

பிளாட்பார ஸ்பீக்கருக்கு வருகிறேன். சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் போலீசுக்குச் சொல்லச் சொல்லி, 'சீ இட், சே இட், சார்ட்டட்' என்று அட்சரசுத்தமாகப் பாடும். தூக்கத்தில்கூட எனக்கு அதுதான் வருகிறது. என் ரயில் எங்கே வரும் என்று சொல்லும்போது மட்டும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டதுபோல் 'பிளாட்பார்ம் ஃப்வ்வ்ர்...' என்கிறது. ஃபோரா, ஃபைவா? நாலுக்கு ஓடினேன். ஒரு வெள்ளைக்காரரும் கூடவே ஓடி வந்தார். அவருக்கே விளங்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ரயில் ஐந்திலிருந்து போய்விட்டது.

அந்த ஸ்பீக்கரை யாரும் "பார்டன்?" என்று கேட்பதில்லை. ஆபீசில் என்னைத்தான் கேட்கிறார்கள். நாளெல்லாம் ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துத் தாடை வலிக்கிறது. சாயங்காலமானால், பாதி வார்த்தையை விழுங்கி வேகவேகமாகப் பேசினாலும் "ம், அப்புறம்?" என்று கேட்கிற ஆள் வேண்டியிருக்கிறது.

இங்கே கடையில் தலச்சேரி என்று ஒட்டி விற்கிற மிளகில் பொக்குதான் அதிகம். யாராவது வந்தால் அரைக் கிலோ கொடுத்தனுப்புங்கள். 4.75 மி.மீ. சல்லடையில் நின்றதாக இருக்கட்டும். அம்மா ரசத்துக்கு ஒதுக்குகிற உடைசல் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகன்