குருவைக் கவிழ்த்த எலி

1930களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பால் வைஸ் என்றொரு பேராசிரியர் இருந்தார். வியன்னாக்காரர். நரம்பு விஷயத்தில் அவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. அவர் சொன்னது இதுதான்: நரம்பு எங்கே போய் ஒட்டினாலும் கவலைப்படாதீர்கள், போன இடத்துக்குத் தக்கபடி அது தன்னை மாற்றிக்கொள்ளும். கல்யாணத்தன்று பெண்ணைப் பெற்றவருக்குப் பெரியவர்கள் சொல்கிற அதே சமாதானம்: "எல்லாம் போகப் போகச் சரியாயிடும்!"

இவரிடம் பி.எச்டி. செய்ய வந்தார் ரோஜர் ஸ்பெர்ரி. காலேஜில் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்த பையன். குருபக்தியோடு குருவின் கொள்கையையே சோதிக்கக் கிளம்பினான். இப்படிப்பட்ட சிஷ்யன்தான் சார் ஆபத்து.

எலியின் இடது பின்னங்காலுக்குப் போகும் நரம்பை வலது பாதத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார் ஸ்பெர்ரி. வலது பாதத்தில் ஷாக் கொடுத்தால் எலி இடது காலைத் தூக்கியது! நாளானால் பழகிவிடும் என்று பார்த்தார்கள். பழகவில்லை. பாவம், எலி வைஸின் கட்டுரைகளைப் படித்திருக்கவில்லை.

பிறகு ஸ்பெர்ரியின் மாணவி நான்சி மைனர், தலைப்பிரட்டையின் தோலை வெட்டித் திருப்பி ஒட்டினார். வயிற்றுத் தோல் முதுகுக்குப் போயிற்று. தவளையாக வளர்ந்ததும் முதுகில் தொட்டுப் பார்த்தால், ஐயா வயிற்றைத் துடைத்துக்கொள்கிறார்! 1956இல் மைனர் சொன்ன விளக்கம்: தோல்தான் நரம்புக்கு "நீ வயிறு" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதாவது, போன இடத்துக்குத் தக்கபடி நரம்பு மாறியிருக்கிறது. அட, குருவின் வாசனை அடிக்கிறதே!

1963இல் ஸ்பெர்ரி அடித்துச் சொன்னார்: ஒவ்வொரு நரம்பு செல்லும் ஒரு ரசாயன அடையாளத்தோடு திரிகிறது, பொருத்தமான செல்லோடுதான் சேரும். எங்கே அந்த ரசாயனம், காட்டுங்கள் என்றார்கள். அவர் கையில் ஒன்றுமில்லை. பிடிவாதம் மட்டும் நிறைய இருந்தது.

செல்களை ஒட்டவைக்கும் மூலக்கூறுகள் 1970களில்தான் ஒவ்வொன்றாகச் சிக்கத் தொடங்கின. 2000இல் பழ ஈயின் டிஸ்கேம் மரபணு ஆட்டத்தையே மாற்றியது: ஒரே மரபணு, 38,016 வகைப் புரதம், அதாவது ஸ்பெர்ரி கேட்ட மாதிரி அத்தனை அடையாளம் செய்ய வழி! ஈயின் முதுகு ரோமத்தில் தூசு பட்டால் சேதி சொல்லும் நரம்பு இருக்கிறதே, இந்த வகைகளைக் குறைத்தால் அதன் கிளைகள் கண்ட இடத்தில் போய் நிற்கின்றன. இதில் வேடிக்கை, ஒரே நரம்பின் இரு கிளைகள் உரசினால் டிஸ்கேம் அவற்றை ஒட்டவைப்பதில்லை, விரட்டிவிடுகிறது. பங்காளிகளைத் தள்ளிவைத்தால்தான் கிளைகள் ஒழுங்காகப் பரவுமாம்!

ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் கிடைத்தது. நரம்புகள் எப்படி இணைகின்றன என்று மாய்ந்து மாய்ந்து ஆராய்ந்ததற்கா? அதுதான் இல்லை. இணைப்பை வெட்டினால் மூளையின் இரு பாதிகளும் தனித்தனியே என்ன செய்கின்றன என்று பார்த்ததற்கு!