யார் இந்த 'அட்மின்'?

கேள்வி: பல வருடங்களாக இணையத்தில் சமையல் பற்றி எழுதுகிறேன். என் பெயரைக் கூகுளில் போட்டால் அதே பெயரில் இருக்கும் நகைக்கடைதான் முதலில் வருகிறது. எழுதுகிறவள் நான் என்று கூகுளுக்கு எப்படிப் புரியவைப்பது? (காரைக்குடி வாசகி)

பதில்: நகைக்கடைக்கு ஒரே பெயர், ஒரே முகவரி, ஊரெல்லாம் விளம்பரம். நீங்களோ ஒரு தளத்தில் முழுப்பெயர், இன்னொன்றில் இனிஷியல், மூன்றாவதில் செல்லப்பெயர் என்று மூன்று பேராகப் பிரிந்து கிடக்கிறீர்கள். மூவரும் ஒருவரே என்று சொல்லும் சாட்சி எங்கும் இல்லை. அதை உண்டாக்குவதுதான் வேலை.

முதலில் சொந்த டொமைனில் உங்களுக்கென்று ஒரு பக்கம் வையுங்கள். முழுப்பெயர், முகம் தெளிவாகத் தெரியும் படம், எதைப் பற்றி எழுதுகிறீர்கள், எந்த அனுபவத்தில் எழுதுகிறீர்கள், எங்கெல்லாம் வெளிவந்திருக்கிறது, தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல். 'உணவுப் பிரியை, கனவுகளின் காதலி' என்றெல்லாம் வேண்டாம். அது தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குப் பொருந்தும். 'கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கும் குடும்பம் எங்களுடையது, அந்தக் கைப்பக்குவத்தை எழுதுகிறேன்' என்று போடுங்கள். உண்மையாக இருந்தால்!

அடுத்து, இணைப்பு. உங்கள் பக்கத்திலிருந்து யூடியூபுக்கும் ஃபேஸ்புக்குக்கும், எழுதும் பத்திரிகைகளில் உங்கள் பெயரில் இருக்கும் பக்கங்களுக்கும் இணைப்புக் கொடுங்கள். அங்கிருந்தும் உங்கள் பக்கத்துக்குத் திரும்ப இணைப்பு இருக்க வேண்டும். இந்தத் திரும்பி வரும் இணைப்புதான் முக்கியம். யார் வேண்டுமானாலும் ஒரு சினிமா நட்சத்திரத்தின் கணக்குக்கு இணைப்புக் கொடுத்து 'இது நான்தான்' என்று எழுதிவிடலாம். அந்த நட்சத்திரத்தின் கணக்கு திரும்பி இவரைக் காட்டாது. மாஸ்டடான் என்ற சமூக ஊடகத் தளம் பைசா வாங்காமல் எழுத்தாளரின் தளத்தைச் சரிபார்ப்பது இந்த முறையில்தான். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று காட்டினால் பச்சை நிற டிக் விழும்.

கடைசியாக, இதே விவரத்தை இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதிவைப்பது. 2011இல் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து 'ஸ்கீமா.ஆர்க்' என்ற பொதுக் குறியீட்டு முறையைக் கொண்டுவந்தன. அதில் 'பெர்சன்' என்ற பகுதியில் நீங்கள் யார் என்பது வரும். 'சேம்ஆஸ்' என்ற வரியில் 'இந்தக் கணக்குகளும் நானே' என்ற பட்டியல் வரும். 2023 நவம்பரிலிருந்து எழுத்தாளரின் அறிமுகப் பக்கத்துக்கென்றே 'புரொஃபைல் பேஜ்' என்ற குறியீட்டையும் கூகுள் படிக்கிறது. வேர்ட்பிரஸ் வைத்திருந்தால் இதற்குப் பிளக்-இன்கள் உண்டு. கோடிங் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தளத்தில் எல்லாக் கட்டுரையிலும் 'எழுதியவர்: அட்மின்' என்றுதான் வருகிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: இன்றைக்கே! ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியவர் ஒருவர், பெயர் வாங்கிக்கொண்டு போகிறவர் அட்மின். இதைவிட அநியாயம் உண்டா? குறியீட்டிலும் பெயர் இருக்கும் இடத்தில் பெயரை மட்டும் போடுங்கள். 'எழுதியவர்', 'முனைவர்', 'மூத்த ஆசிரியர்' போன்றவற்றை அந்த வரியில் சேர்க்க வேண்டாம் என்று கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் இரண்டு பெயரையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 'கூகுளின் எழுத்தாளர் சான்றிதழ்' வாங்கித் தருகிறேன், ஐயாயிரம் ரூபாய் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்குங்கள். அப்படியொரு சான்றிதழே கிடையாது.

ஏறக்குறைய அது போன்ற ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. 2011 ஜூனில் 'ஆத்தர்ஷிப்' என்ற திட்டத்தைக் கூகுள் தொடங்கியது. உங்கள் கட்டுரையைக் கூகுள் பிளஸ் கணக்கோடு இணைத்துவிட்டால், தேடல் முடிவில் தலைப்புக்குப் பக்கத்தில் உங்கள் முகமே சிறிய படமாக வரும். எழுதுகிறவர்கள் எல்லோரும் ஓடி ஓடி இணைத்தார்கள். 2014 ஜூனில் படங்களை நீக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் திட்டத்தையே நிறுத்தினார்கள். கூகுள் பிளஸும் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. தன் பெயரை முழுக்க அந்தக் கணக்கில் மட்டும் வைத்திருந்தவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? சொந்த டொமைன் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஃபேஸ்புக்கில் எத்தனை ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் அது வாடகை வீடு.

தேடும்போது பக்கவாட்டில் வரும் தகவல் பெட்டி, அதாவது 'நாலெட்ஜ் பேனல்', வேறு விஷயம். உங்களைப் பற்றிப் பல இடங்களில் ஒரே மாதிரித் தகவல் இருந்தால் அது தானாக வரலாம். வந்த பிறகு 'இது நான்' என்று உரிமை கோரலாம். அதற்கும் காசு இல்லை.

கேள்வி: புனைபெயரில் எழுதினால் தேடுபொறி நம்புமா?

பதில்: சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார், ரா. கிருஷ்ணமூர்த்தி கல்கி ஆனார், ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். தமிழில் யாரும் குழம்பவில்லை. புனைபெயர் தடையில்லை. அடிக்கடி மாறும் புனைபெயர்தான் தடை. ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். இயற்பெயரையும் சொல்ல விருப்பமிருந்தால் குறியீட்டில் 'ஆல்டர்நேட் நேம்' என்ற இடம் இருக்கிறது.

ஒன்றே ஒன்றில் மட்டும் நான் கறார். சர்க்கரை நோய்க்கு மருந்து சொல்பவரும், ஓய்வூதியப் பணத்தை எதில் போடலாம் என்று சொல்பவரும் புனைபெயருக்குப் பின்னால் நிற்கக் கூடாது. படிப்பவரின் உடம்பும் சேமிப்பும் சம்பந்தப்பட்ட விஷயம் அது. பெயரையும் தகுதியையும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. உடல்நலம், பணம் பற்றிய பக்கங்களைக் கூகுளும் கூடுதல் கண்டிப்போடுதான் எடைபோடுகிறது.

கேள்வி: என் பெயரிலேயே இன்னொரு எழுத்தாளர் இருக்கிறார். என்ன செய்யலாம்? (மதுரை வாசகர்)

பதில்: தமிழ் இலக்கியத்திலேயே இரண்டு எஸ். ராமகிருஷ்ணன்கள் உண்டு. ஒருவர் 'சஞ்சாரம்' நாவலுக்கு 2018இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். மற்றவர் தற்காலத் தமிழுக்கு அகராதி கொண்டுவந்து 2020இல் மறைந்த பதிப்பாளர். வாசகர்கள் ஒருவரை எஸ்.ரா. என்றும் மற்றவரைக் க்ரியா ராமகிருஷ்ணன் என்றும் அழகாகப் பிரித்துக்கொண்டார்கள். இயந்திரத்துக்கும் அதுபோல ஒரு அடையாளம் கொடுங்கள். ஊரோ துறையோ பெயரோடு சேரட்டும்.

ஆய்வுக் கட்டுரை எழுதுபவராக இருந்தால் 'ஆர்க்கிட்' எண் வாங்குங்கள். 2012இல் தொடங்கியது, இலவசம், 16 இலக்கம். ஆயிரம் முருகேசன்கள் இருந்தாலும் இந்த எண் ஒருவருக்குத்தான்.

நம்மவர்களுக்கு உள்ள ஒரு தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தில் நம் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். 'செந்தில்' என்பதில் 'எச்' போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு. இனிஷியல் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். ஏதாவது ஒரு எழுத்துக்கூட்டலை இன்றே முடிவுசெய்து எல்லாக் கணக்கிலும் அதையே வையுங்கள். அறிமுகப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் பெயர் அருகருகே இருக்கட்டும்.

கேள்வி: நீல டிக் வாங்கினால் போதாதா?

பதில்: 2022 நவம்பரில் ட்விட்டர் 8 டாலருக்கு டிக் விற்கத் தொடங்கியதும், மருந்து நிறுவனமான எலை லில்லியின் பெயரில் யாரோ டிக் வாங்கி 'இனி இன்சுலின் இலவசம்' என்று போட்டுவிட்டார்கள். உண்மையான நிறுவனம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. காசுக்குக் கிடைக்கும் டிக், காசு கட்டியவர் என்பதற்குத்தான் அத்தாட்சி.

கேள்வி: நான் கூச்ச சுபாவம். ஏஐ வரைந்த முகத்தைப் போட்டுக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் தளத்தில் இல்லாத மனிதர்களின் பெயரும் ஏஐ முகமும் போட்டுக் கட்டுரைகள் வந்திருந்தது 2023 நவம்பரில் அம்பலமானது. பல தலைமுறை விளையாட்டு எழுத்தாளர்கள் வேர்வை சிந்திச் சேர்த்த பெயர் அது! கூச்சமாக இருந்தால் ஒரு கோட்டோவியம் போடுங்கள். ஓவியம் 'நான் ஓவியம்' என்று சொல்லிவிடும். பொய் முகம் அப்படிச் சொல்லாது.

கேள்வி: பட்டமோ பதவியோ இல்லாத விவசாயி நான். என் எழுத்துக்கு மதிப்பு வருமா?

பதில்: உங்கள் கேள்விதான் இந்த வாரம் எனக்கு மிகவும் பிடித்தது. தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுபவர்களுக்கான கூகுள் கையேட்டில் நிபுணத்துவம், மதிப்பு, நம்பகம் மூன்றும்தான் முன்பு இருந்தன. 2022 டிசம்பரில் 'அனுபவம்' நான்காவதாகச் சேர்ந்தது. அவர்கள் போடும் மதிப்பெண் எந்தப் பக்கத்தையும் நேரடியாக மேலே ஏற்றாது. ஆனால் கூகுள் எதைத் தேடுகிறது என்று அது காட்டுகிறது. எந்த நெல் போட்டீர்கள், எப்போது நட்டீர்கள், எந்தப் பூச்சி வந்தது, மூட்டை எவ்வளவு கண்டது, எல்லாவற்றையும் உங்கள் வயல் படத்தோடு எழுதுங்கள். இதை உட்கார்ந்த இடத்தில் யாராலும் புனைய முடியாது.

கேள்வி: எனக்கு நானே விக்கிப்பீடியா கட்டுரை எழுதிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பிறர் உங்களைப் பற்றி எழுதட்டும்.

கேள்வி: அடையாளம் வேண்டும் என்பதற்காக வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் போட வேண்டுமா? பயமாக இருக்கிறது. (கோவை வாசகி)

பதில்: எதுவும் வேண்டாம். அந்தப் பயம் நியாயமானது. ஊர்ப் பெயரே போதும், அதுவும் விருப்பமிருந்தால்தான். வாசகர் கடிதத்துக்கென்று தனி மின்னஞ்சல் வையுங்கள், வங்கிக்குக் கொடுத்ததை இங்கே கொடுக்காதீர்கள். படத்தில் வீட்டு வாசலோ குழந்தையின் பள்ளிச் சீருடையோ தெரியவேண்டாம். டொமைன் பதிவுசெய்யும்போது உங்கள் விலாசமும் எண்ணும் பொதுப் பட்டியலில் தெரியாமல் மறைக்கப்படுமா என்று கேளுங்கள். ஆமாம் என்று சொன்ன பிறகு பணம் கட்டுங்கள்.