எழுபது வளைவும் ஒரு எர்த் கம்பியும்

கொல்லிமலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் பழைய கார் வாங்கியவர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

செம்மேடு வாசகர்: போன மாதம் ஒரு பழைய அம்பாசடர் வாங்கினேன். காலையில் சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. புது பேட்டரி போட்டேன். அதே ‘டக்’. அடுத்து என்ன வாங்கலாம்?

உப்புக்காகிதம் ஒரு தாள். வேறு எதுவும் வேண்டாம்.

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். லைட் செத்தே போனால், பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது கம்பி எங்கோ சரியாகப் பிடிக்கவில்லை. லைட் கொஞ்சமும் மங்காமல் நின்றால், கரன்ட் மோட்டார் வரைக்கும் போகவே இல்லை. சோலினாய்டையோ சுவிட்சையோ பாருங்கள். நன்றாக மங்கி, மோட்டாரும் சுற்றாவிட்டால் பல்சக்கரம் சிக்கியிருக்கலாம். சாவியை அணைத்துவிட்டு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடுபடும்.

உங்கள் பேட்டரி புதிது. ஆகவே என் சந்தேகம் நேராக எர்த் கம்பி மேல்தான். (இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.) எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரன்ட்டைக் கடத்தாது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று இருக்கிறது. மொத்தக் கரன்ட்டும் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். விற்றவர் வண்டியைப் பளபளவென்று காட்ட பெயின்ட் அடித்திருப்பார். அந்தப் பட்டையின் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் போயிருக்கும். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே காலி. மிச்சத்தில் ‘டக்’ மட்டும்தான் வரும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் குமிழ் மேலேயே வையுங்கள், கம்பி மேல் அல்ல. மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிள் ஒன்றால் எர்த் குமிழையும் எஞ்சினையும் நேராக இணைத்து அடித்துப் பாருங்கள்.

உங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூறு சொல்கிறது. துருப்பிடித்த ஒரு எர்த் பட்டையும் அப்படித்தான்: செல்ஃப், ஹெட்லைட், ஹார்ன், இண்டிகேட்டர், பெட்ரோல் மீட்டர் ஐந்தும் ஒரே நாளில் சாயும். ஐந்துக்கும் தனித்தனியாக ஸ்பேர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

போல்ட்டைக் கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, முறுக்கிவிட்டு, மேலே வாஸ்லின் பூசுங்கள். பேட்டரி டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் மட்டும் இறங்கக் கூடாது.

சேந்தமங்கலம் வாசகர்: பேட்டரிக்கு மினரல் வாட்டர் ஊற்றலாமா?

அதை நீங்கள் குடியுங்கள்; பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்.

ராசிபுரம் வாசகர்: காரவள்ளியில் கிளம்பினால் பாதி மலை ஏறுவதற்குள் என் ஃபியட் அணைந்துவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் நின்றால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி சூடேறுகிறதா?

செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது பேட்டரியை ஏன் சந்தேகப்படுகிறீர்கள்? அது தன் வேலையைச் செய்துவிட்டு உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கொதிப்பது பெட்ரோல். எழுபது கொண்டை ஊசி வளைவு, முக்கால்வாசி முதல் கியர், இரண்டாம் கியர். எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, வண்டி மெதுவாகப் போகிறது, ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. மெக்கானிக்குகள் ‘ஏசி பம்ப்’ என்று சொல்லும் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கிறது. அதற்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால், ஆவியை அதனால் தள்ள முடியாது. ஈரத் துணியை பம்ப் மேல் சுற்றிப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். போனட்டைத் திறந்தே வையுங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அதிகாலையில் ஏறினால் பாதித் தொல்லை குறையும். பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள், நகர்த்திக் கட்டுங்கள்.

மேலே போய்ச் சேர்ந்தபின் இன்னொன்று. சோளக்காடு கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கார்ப்ரேட்டருக்கு அது தெரியாது, அதே அளவு பெட்ரோலைக் கொடுக்கும். நாமக்கல்லில் இழுத்த அளவுக்கு மேலேயும் சோக் இழுத்தால் பிளக் நனைந்துவிடும். நனைந்துவிட்டால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். மேகம் இறங்கிய காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள். அங்கே வேர்த்திருந்தாலும் எஞ்சின் பிடிக்காது.

காரவள்ளி வாசகர்: தள்ளி ஸ்டார்ட் செய்ய எத்தனை ஆள் வேண்டும்?

கொல்லிமலையில் ஆள் எதற்கு, சரிவு இருக்கிறதே!

நாமக்கல் வாசகர்: 1964 ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கியிருக்கிறேன். பேட்டரியின் பாசிட்டிவ் கம்பி பாடியில் மாட்டியிருக்கிறது. யாரோ தப்பாக மாட்டிவிட்டார்கள், திருப்பிவிடலாம் என்கிறான் பையன்.

பையனின் கையைப் பிடித்து நிறுத்துங்கள்!

முதலில் வாழ்த்துகள். சென்னையை அடுத்த வண்டலூரில் தமிழ்நாட்டுக் கைகள் செய்த கார் உங்களுடையது. வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. நாலு கதவு ஹெரால்டு என்று ஒன்று உலகத்திலேயே நம் நாட்டில் மட்டும்தான் பிறந்தது. இருபத்தைந்து அடி விட்டத்துக்குள் வட்டமடித்துத் திரும்பும்; உங்கள் எழுபது வளைவுக்கென்றே செய்ததோ என்று தோன்றும். போனட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து மூக்கு முழுக்க எழுந்துவிடும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டு பாயிண்ட்டைச் சரி செய்யலாம். ஹெரால்டைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் ஆசிரியர் பக்கத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

கம்பிக்கு வருகிறேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பையன் திருப்பி மாட்டினால் டைனமோ, கட்-அவுட், அம்மீட்டர் எல்லாம் குழம்பும். டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் அன்றோடு அதன் பாட்டு முடிந்தது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய டைனமோ வேலை தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் போங்கள். டைனமோவுக்குப் புதுத் திசையைப் பழக்க வேண்டும், காயில் கம்பிகளை இடம் மாற்ற வேண்டும். லாரிக்குப் பேர்போன நாமக்கல்லில் இருந்துகொண்டு எலெக்ட்ரீஷியனுக்குப் பஞ்சம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

வேறு காரிலிருந்து ஜம்பர் போட்டால் பாசிட்டிவுக்கு பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ். இதில் மாற்றமே இல்லை. ஆனால் இரண்டு கார்களின் பம்பரும் தொட்டுக்கொள்ளக் கூடாது. தொட்டால் அவர்கள் பாடி நெகட்டிவ், உங்கள் பாடி பாசிட்டிவ்: தீப்பொறித் திருவிழா.

ஹெரால்டில் பாடி பல துண்டுகளாகச் சேசிஸ் மேல் போல்ட் போட்டு நிற்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் எர்த் நன்றாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். மறுபடியும் எர்த்தா என்கிறீர்களா? மறுபடியும் எர்த்தான்.

சோளக்காடு வாசகர்: மூன்று நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. வண்டியில் ஆம்ப்ளிஃபையரும் நீல விளக்குகளும் இருக்கின்றன.

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். உறுதி செய்துகொள்ள, எல்லாவற்றையும் அணைத்து, கதவையும் சாத்தி, பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றி, குமிழுக்கும் கம்பிக்கும் நடுவே சின்ன 12 வோல்ட் பல்பை வையுங்கள். எரிந்தால் யாரோ திருடுகிறார்கள். ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதில் பல்பு அணைகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. முதலில் நீல விளக்கின் ஃப்யூஸ்.

அரியூர் நாட்டு வாசகி: எங்கள் பக்கத்தில் அவசரத்துக்கு எங்கள் பழைய ஜீப் ஒன்றுதான் வண்டி. போன வாரம் ராத்திரி பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றியபின் ஸ்டார்ட் ஆகவில்லை. எப்படியோ தள்ளிக் கிளப்பினோம். இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம், அண்ணா?

தங்கச்சி, இதில் விளையாட்டில்லை. வலி தொடங்கியதுமே 108-ஐக் கூப்பிடுங்கள். அழைப்பு போனபிறகு ஜீப்பைத் தயார் செய்யுங்கள். பழைய வண்டி இரண்டாவது வழியாக இருக்கட்டும், ஒரே வழியாக வேண்டாம். மாதம் நெருங்கிய பெண்ணை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

ஜீப்பை ராத்திரியில் இறக்கம் பார்த்தே நிறுத்துங்கள், சக்கரத்துக்கு முன்னால் கல் வையுங்கள். வண்டி ஓய்ந்து சில மணி நேரம் கழித்து பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், கம்பிகள் சுத்தமாக இருந்தும் அப்படியென்றால், பேட்டரியை மாற்றிவிடுங்கள். இந்த ஒரு வண்டிக்கு மட்டும் நானே புது பேட்டரி வாங்கச் சொல்கிறேன். குளிரில் பேட்டரியின் பலம் குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகும். மார்கழிக்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஹெட்லைட் போட்டு இறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள். கியரில் இறங்கினால் பிரேக்குக்கும் துணை, பேட்டரியும் சார்ஜ் ஏறும். பேட்டரியை மூடிய அறையில் சார்ஜ் போடாதீர்கள், பக்கத்தில் விளக்கு கொளுத்தாதீர்கள். அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். ஆசிட் கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வளப்பூர் நாட்டு வாசகர்: ஹேண்டில் போட்டுச் சுற்றலாமா?

கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். 1912-இல் காடிலாக் செல்ஃப் கொண்டுவந்தது எதிர்ச்சுற்றில் உடைந்த கைகளைப் பார்த்துத்தான்.

திருச்செங்கோடு வாசகர்: ஐம்பது வருஷம் தாண்டிய காருக்குத் தனி நம்பராமே?

ஆமாம். 2021-இல் வந்த மத்திய விதி. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆன, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு ‘விஏ’ எழுத்துள்ள பலகை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்று போகலாமே தவிர, அன்றாடம் ஓட்ட முடியாது. தினமும் சந்தைக்குப் போகிறவருக்கு இது வேண்டாம்.

முள்ளுக்குறிச்சி வாசகர்: நாளை ஒரு பத்மினி பார்க்கப் போகிறேன். நான் போவதற்குள் ஸ்டார்ட் செய்து வைத்துவிடுவதாக ஓனர் அன்போடு சொல்கிறார்.

வேண்டாம் என்று அதே அன்போடு சொல்லிவிட்டு, சொல்லாமல் விடியற்காலையில் போங்கள். போனதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.