கோப்பிக்குச் சலுகை, நாய்க்கு வரி

வெள்ளவத்தையில் மிக்சர் கடை வைத்திருக்கும் ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வருசக் கணக்கு முடிக்கிற நேரம். கணக்குப் பார்க்க வந்த பெடியன் பேனையைக் கடித்துக்கொண்டு கேட்கிறான்: "அண்ணை, நீங்கள் ஆராய்ச்சி ஏதும் செய்யிறனீங்களோ?" அண்ணை சுற்றிவரப் பார்க்கிறார். எண்ணெய்ச் சட்டி, கடலைப்பருப்பு மூட்டை, மிளகாய்த்தூள் வாளி. "என்ன ஆராய்ச்சியடா?" "ஏதாவது, அண்ணை. வரியில கழிக்கலாம்." கழிக்கலாம் என்ற சொல் காதில் விழுந்ததும் எந்த வியாபாரிக்குள்ளும் ஒரு விஞ்ஞானி எழும்பி உட்காருவான்.

இது நேற்றைய வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டத்தட்ட 200 வருசப் பழசு.

அதுவும் இந்தத் தீவில் ஆராய்ச்சியும் வரியும் ஒரேயொரு எழுத்துத் தூரத்தில்தான் குடியிருந்தன. சிங்களக் கிராமத்துத் தலைமைக்காரருக்குப் பெயர் ஆராச்சி. அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் கை வாசல்வரை நீண்டது அவர் உருவில்தான். அந்தப் பெயருக்கு நடுவில் ஒரு 'ய்' போட்டுப் பாருங்கள், கட்டவேண்டிய பணம் குறைகிறது. அந்த 'ய்'யைப் போட்டுத் தருவதற்குத்தான் இன்றைய டாக்ஸ் கன்சல்டன்டுகள் ஃபீஸ் வாங்குகிறார்கள்.

முதன்முதலில் பெரிய அளவில் 'ய்' போட்டவர் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ். வாட்டர்லூவில் நெப்போலியனுக்கு எதிராக நின்று காயம் பட்டவர். கொழும்பிலிருந்து வீதிகளின் தூரத்தைக் கோட்டையில் உள்ள அவருடைய சிலையிலிருந்து அளப்பதுதான் வழக்கம். ஆகவே காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்சில் நீங்கள் ஒற்றைக் காலில் தொங்கும் ஒவ்வொரு கிலோமீற்றரும் அந்தத் துரையின் பூட்ஸ் காலில் தொடங்குகிறது. இனித் திட்டுவதென்றால் கண்டக்டரை விட்டுவிடுங்கள்.

மனிதருக்குக் கட்டுவதில் பைத்தியம். கல்கிசைக் கடற்கரை மாளிகையைப் பெருப்பித்தார். கண்டிக்கு வீதி போட்டார். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், பாலத்துறையில், களனி கங்கைக்குக் குறுக்கே படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை விரித்து 1822இல் ஒரு பாலம் எழும்பியது. ஆற்றில் வள்ளங்கள் வந்தால் நடுவில் படகைக் கழற்றி வழி விடுவார்கள்; பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பூட்டிவிடுவார்கள். நம்முடைய வரிச் சட்டங்களை எழுதியவர்கள் இந்தப் பாலத்தடியில் கனநேரம் நின்று யோசித்திருக்க வேண்டும்.

கட்டினால் மட்டும் போதுமா? கஜானா காலி. கறுவாவை மட்டும் நம்பி இனி வண்டி ஓடாது என்று பார்ன்சுக்குத் தெரிந்தது. கோப்பி என்று ஒரு பயிர் இருக்கிறதே, மலைநாட்டில் பெருமெடுப்பில் நட்டால் என்ன? சரிவருமா என்று ஒருவருக்கும் தெரியாது. இன்றைய பாஷையில் சொன்னால் ஸ்டார்ட்அப். முதலீட்டாளரைப் பிடிக்க ஒரு தூண்டில் வேண்டும்.

தூண்டில் என்றால் சாதாரணத் தூண்டிலா? 1820களில் கோப்பிக்கு ஏற்றுமதித் தீர்வை போயிற்று. கோப்பி நட்ட நிலத்துக்கு 12 வருசம் நிலவரி இல்லை. தோட்டத்தில் வேலை செய்பவருக்கு இராசகாரியம் என்ற கட்டாய ஊழியமும் இல்லை. பக்கத்து வயல்காரன் விளைச்சலில் பங்கை அளந்து கொடுத்துவிட்டு, வீதி வெட்டவும் போகவேண்டும். கோப்பிக்காரன் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு மழையைப் பார்க்கலாம்.

இப்படியொரு சலுகையை முதலில் பிடித்துக்கொண்ட தூரநோக்காளர்களில் ஒருவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் பார்ன்சேதான். பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் துரைக்குச் சொந்தமாக ஒரு கோப்பித் தோட்டம். சட்டம் போட்டவரே கிளெய்ம் போட்டால் ஃபைல் எங்கேயும் தேங்காது, பாருங்கள்.

மேலே இருப்பவர் வழி காட்டினால் கீழே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? 1840ஐ ஒட்டி முடிக்குரிய காணி ஏக்கர் 5 ஷில்லிங்குக்குப் போனது. வாங்கியவர்களின் பட்டியலைப் பார்த்தால் அரசாங்க டெலிபோன் டிரெக்டரி மாதிரி இருக்கும்: ஏஜென்டுத் துரைமார், நீதவான்கள், இராணுவ அதிகாரிகள், மதகுருமார். தேசாதிபதி ஸ்டூவர்ட் மெக்கன்சியே ஆயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கினார். காணியை விற்பவரும் அவர்களே, விலை வைப்பவரும் அவர்களே, வாங்குபவரும் அவர்களே. கையெழுத்துப் போட ஒரே ஆள் மேசைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஓடவேண்டியிருந்ததுதான் ஒரே கஷ்டம்.

கச்சேரிக்குப் போனால் துரை இல்லை, தோட்டத்தில். கோர்ட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. கடைசியில் லண்டனே பொறுக்கமாட்டாமல், 1840களின் நடுவில், அரச உத்தியோகத்தர் தோட்டம் செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்குள் எல்லாரும் நட்டு முடித்திருந்தார்கள்.

இவ்வளவு பேரில் உண்மையாகவே படித்துவிட்டு வந்தவர் ஆர். பி. டைட்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். ஜமெய்க்காவில் கோப்பி வளர்க்கும் முறையைக் கற்றுக்கொண்டு 1837இல் இங்கே வந்து இறங்கினார். மற்றவர்களுடைய ஆராய்ச்சி முறை இன்னும் இலகு: டைட்லருடைய தோட்டத்து வேலியால் எட்டிப் பார்ப்பது.

ஒரு நிமிசம், சிரிப்பை இங்கே நிறுத்தவேண்டும். அந்தக் கோப்பியை நட்டுப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் சனம். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். துரைமார் நட்டப்பட்டால் போனது காசு. இவர்கள் போட்ட முதல் வேறு. அதற்கு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் கழிவு இல்லை.

1847 வாக்கில் கோப்பி விலை தடாலென்று விழுந்தது. கஜானா மறுபடி காலி. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் தேசாதிபதி டொரிங்டன் பிரபு. வயது 30களின் நடுவில். தகுதி? பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசலின் உறவினர். கூடப்பிறந்த தகுதி என்பது இதுதான்.

டொரிங்டன் நிலைமையைக் கூர்ந்து ஆராய்ந்தார். கோப்பி பாவம், விலை போய்க் கிடக்கிறது. ஆகவே இடையில் திரும்பி வந்திருந்த கோப்பி ஏற்றுமதித் தீர்வையை 1848இல் நீக்கினார். நல்லது. அந்த ஓட்டையை எதால் அடைப்பது? துவக்குக்கு வருசம் இரண்டரை ஷில்லிங். கடைக்கு வரி, வண்டிக்கு வரி, வள்ளத்துக்கு வரி. ஆண்பிள்ளைகள் வருசத்தில் 6 நாள் வீதி வேலை செய்யவேண்டும், முடியாவிட்டால் 3 ஷில்லிங். எல்லாம் முடிந்து யோசித்துக்கொண்டு நின்றபோது, துரதிர்ஷ்டவசமாக, எங்கோ ஒரு நாய் குரைத்திருக்க வேண்டும்.

நாய் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங். சத்தியமாக!

யோசித்துப் பாருங்கள். மலைநாட்டு விவசாயியிடம் இருந்தது என்ன? பயிரைப் பன்றியிடமிருந்து காக்க ஒரு நாய், ஒரு துவக்கு. ஏற்றுமதிக் கோப்பியின் சலுகைக்கு அவனுடைய நாய் பில் கட்டவேண்டும். 1848 ஜூலை 6ஆம் தேதி கண்டிக் கச்சேரிக்கு முன்னால் சனம் திரண்டது. மாதம் முடிவதற்குள் மாத்தளையில் கலகம். அதை அடக்கிய விதத்தில் நகைச்சுவைக்கு இடமில்லை. லண்டனில் விசாரணை வைத்தார்கள், 1850இல் டொரிங்டனைத் திருப்பி அழைத்தார்கள். இலங்கை வரலாற்றில் ஒரு தேசாதிபதியின் வீழ்ச்சியில் நாய்களுக்கும் பங்குண்டு.

சரி, கோப்பி தப்பியதா? 1869இல் இலையின் அடியில் செம்மஞ்சள் பொட்டுகள் வந்தன. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள். தோட்டத் துரைமாருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. நாசகாரி எமிலி என்ற பொருளில் கூப்பிட்டார்கள். அழிவுக்குக்கூட ஒரு பெண்பிள்ளையின் பெயர் வைத்தால்தான் ஆண்களுக்கு மனம் ஆறுகிறது.

1880இல் அரசாங்கம் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை வரவழைத்தது. மனிதர் இரண்டு வருசம் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உண்மையைச் சொன்னார்: வித்துகள் காற்றில் பரவுகின்றன, மலை முழுக்க ஒரே பயிரை நட்டு நீங்களே பாய் விரித்துக் கொடுத்திருக்கிறீர்கள், மருந்து கிடையாது. அருமையான ஆராய்ச்சி. துரைமாருக்கு வேண்டியிருந்தது மருந்து. இவர் கொடுத்தது ரிப்போர்ட்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் தன்பாட்டில் ஏதோ செய்துகொண்டிருந்தார். லூல்கந்தராத் தோட்டத்து ஜேம்ஸ் டெய்லர். எமிலி வருவதற்கு இரண்டு வருசம் முன்னமே, 1867இல், 19 ஏக்கரில் தேயிலை நட்டவர். அவர் இன்றைக்கு இறைவரிக் காரியாலயத்தில் ஆராய்ச்சிக் கழிவு கேட்டுப் போயிருந்தால் எப்படி இருக்கும்?

"ஆய்வுகூடம் எங்க, துரை?" "பங்களா விறாந்தை." "உபகரணம்?" "ஒரு மேசை. அதில் இலையைக் கையால் உருட்டுவோம். பிறகு மண் அடுப்பு, கரி, கம்பித் தட்டு." "விறாந்தை சொந்தப் பாவனை, கழிக்கேலாது. 1874இல டார்ஜிலிங் போயிருக்கிறியள். அது?" "அதுதான் நான் எடுத்த ஒரே விடுமுறை. தேயிலை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கப் போனேன்." "விடுமுறை எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள். அதுவும் கழிக்கேலாது. விற்பனை?" "1873இல் லண்டனுக்கு 23 இறாத்தல்." அதிகாரி கண்ணாடியைக் கழற்றுகிறார். "23 இறாத்தலுக்கோ இவ்வளவு ஃபோர்ம் நிரப்பினனீங்கள்?"

கடைசியில் டெய்லருக்கு என்ன கிடைத்தது? 1891இல் தோட்டக்காரர் சங்கம் வெள்ளியில் ஒரு தேநீர் செட் கொடுத்துக் கௌரவித்தது. அடுத்த வருசம் வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை, அந்த மே மாதம் அங்கேயே இறந்துபோனார். தேநீர் செட்டைத் திருப்பிக் கேட்டதாகத் தகவல் இல்லை.

உண்மையில் டெய்லர் இன்று பாஸ். எது ஆராய்ச்சி என்று தீர்மானிக்க உலகம் பார்க்கும் நூல் ஃப்ராஸ்காட்டி கையேடு. 1963இல் ரோமுக்குப் பக்கத்தில் ஃப்ராஸ்காட்டி என்ற ஊரில் நிபுணர்கள் கூடிப் பேசியதால் அந்தப் பெயர். ஊர் வைனுக்குப் பேர்போனது. இருந்தும் கையேடு தெளிவாகத்தான் இருக்கிறது. புதிதாக இருக்கவேண்டும், சொந்த யோசனையாக இருக்கவேண்டும், முடிவு முன்கூட்டித் தெரியக்கூடாது, ஒழுங்காகத் திட்டமிடவேண்டும், இன்னொருவர் செய்தாலும் வரவேண்டும். விறாந்தை மேசை ஐந்திலும் தேறும். ஏக்கர் 5 ஷில்லிங்குக்குக் காணி வாங்கிய நீதவான் எதில் தேறுவார் என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் காலத்துக்கு வருவோம். 2011இல் இலங்கை அரசாங்கம் பார்ன்சையே தோற்கடித்தது. அரச ஆய்வு நிறுவனம் ஒன்றின் ஊடாக ஆராய்ச்சி செய்தால் செலவைப் போல் மூன்று மடங்கைக் கழிக்கலாம் என்றது. அப்போது கம்பனிகளின் பொதுவான வரி 28 வீதம். 100 ரூபாய் செலவழித்தால் 300 ரூபாயைக் கழிக்கலாம், 84 ரூபாய் வரி மிச்சம். அதாவது ஆராய்ச்சி 16 ரூபாய்க்கு! வெள்ளவத்தைப் புடவைக் கடையில்கூட இப்படியொரு தீபாவளிக் கழிவு பார்த்திருக்க மாட்டீர்கள். பௌத்தாலோக மாவத்தையில் 1955இலிருந்து ஓர் அரச கைத்தொழில் ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. கூட்டம் தள்ளுமுள்ளுப்பட்டிருக்க வேண்டுமே? நாடு உழைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஆராய்ச்சிக்குப் போவது அன்றும் இன்றும் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு சதம். நாம் ஒன்றும் கள்ளக் கணக்குக் காட்டவில்லை. கணக்கே காட்டவில்லை.

காட்டத் தெரிந்தவர்களைப் பார்க்கவேண்டுமென்றால் கனடாவுக்குப் போகவேண்டும். டொரொன்டோவில் உங்களுக்கு ஒரு மாமா இல்லாமல் இருக்கமாட்டார், கேட்டுப் பாருங்கள். 1983இல் அங்கே ஒரு திட்டம் வந்தது: இனிமேல் செய்யப்போகும் ஆராய்ச்சிக்கான வரிச் சலுகையைக் கம்பனி முன்கூட்டியே முதலீட்டாளருக்கு விற்கலாம். விற்றார்கள். விற்ற பிறகு சிலருக்கு ஆராய்ச்சி மறந்துபோயிற்று. 1985இல் திட்டத்தை மூடும்போது அரசாங்கத்துக்குக் கிட்டத்தட்ட 3 பில்லியன் டொலர் போயிருந்தது. கன்னொறுவை எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது, பாருங்கள்.

பார்ன்சிலிருந்து கனடா வரை கதை ஒன்றுதான். சலுகையைக் கண்டதும் பாய்ந்து வந்தவர்களுக்கு நிச்சயம் வேண்டியிருந்தது. அவர்கள் எட்டிப் பார்த்தது வேலிக்கு மேலால். நிச்சயமில்லாத ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தவருக்கோ விறாந்தையை விட்டு எழும்பி ஃபோர்ம் நிரப்ப நேரமில்லை. நாய்க்கு இரண்டும் தெரியாது. அது ஒரு ஷில்லிங் கட்டியது.

நம்முடைய மிக்சர்க்கடை அண்ணை இன்னும் யோசித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

"குரக்கன் மாவில ஒரு மிக்சர் போட்டுப் பார்த்தனான் தம்பி. சரிவரேல்லை."

"சரிவராட்டித்தான் அண்ணை அது ஆராய்ச்சி. சரிவந்திட்டா வியாபாரம்."

அண்ணை சட்டியைப் பார்க்கிறார். மூட்டையைப் பார்க்கிறார். கடன் கொப்பியைப் புரட்டுகிறார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வருகிறது.

"அப்ப எழுதிக்கொள்ளடா தம்பி. போன வருசம் முழுக்க நான் ஆராய்ச்சிதான் செய்தனான்."