பிளான் மாமா

கோட்டைக்குப்பத்தில் மீன் படாத நாள் உண்டு. பிளான் மாமா தட்டுப்படாத நாள் கிடையாது. யாரோ ஒருவரைக் குறிவைத்து எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் எந்தக் குப்பத்துக்குப் போனாலும், கரையேற்றிய படகின் நிழலில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். காதில் பேனா, சட்டைப்பையில் டைரி. டைரி எப்போதும் போன வருஷத்தது. காலிப் பக்கம் நிறைய இருக்கிறதே, எதற்குப் புதிது என்பார். அந்தப் பக்கங்கள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்று யாரும் கேட்டதில்லை.

டைரியைத் திறந்தால் ஆச்சரியமாக இருக்கும். காலை நாலு மணிக்கு எழுவது. நாலேகாலுக்கு வலை பார்ப்பது. ஆறுக்கு ஏலம். ஏழிலிருந்து ஏழரை வரை ‘முன்னேற்றம்’. இந்த முன்னேற்றம் என்ன என்று கேட்டேன். “அது பெரிய சப்ஜெக்ட், உக்காந்து பேசணும்பா” என்றார். மாமா எழுவது எட்டு மணிக்கு. நாலு மணி தவறிவிட்டால் அன்றைய திட்டமே பழுது. பழுதான திட்டத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வது அவர் கொள்கைக்கு விரோதம். ஆகவே நாளையிலிருந்து.

இத்தனைக்கும் அவர் திட்டம் தெரியாத ஊரில் பிறந்தவரா என்ன? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றுக்கும் ஏரியில் ‘பாடு’ உண்டு. இறால் படுகிற இடங்களில் யார் எப்போது வலை கட்டலாம் என்பதை முறை வைத்துச் சுழற்றிவிடுவார்கள். தலைக்கட்டாகப் பெயர் இருந்தால் முறை தானாக வந்து சேரும். நல்ல இடத்தை ஒருவனே வளைத்துக்கொள்ள முடியாது. டைரியும் பேனாவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஏற்பாடு இது. நம் கமிட்டிகள் எதற்கும் இவ்வளவு ஆயுள் இருந்ததாகத் தெரியவில்லை.

மாமாவுக்கும் முறை வரும். முறை வருகிற அன்றைக்கு அவர் வலையில் நண்டு கடித்த ஓட்டை இருக்கும். போன முறையும் இருந்த அதே ஓட்டைதான், இப்போது ஆள் நுழைகிற அளவுக்கு வளர்ந்திருக்கும்.

“வலை கெடக்கட்டும்பா. மொதல்ல முகத்துவாரம் தொறக்கணும்” என்று ஆரம்பிப்பார். இங்கே அவரை மதிக்கத்தான் வேண்டும். இறால் கடலில் முட்டையிடுவது, குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்வது, மணல் மேடிட்டு வாய் அடைத்தால் இரண்டு பக்கமும் போக்குவரத்து நின்றுபோவது, ஆரணியாறு தென்பக்கமும் காளங்கி வடபக்கமும் கொண்டுவரும் வண்டல் என்று விரல் விட்டுச் சொல்வார். ஒன்றுகூடத் தப்பாக இருக்காது. மணலை எங்கே வாரி எங்கே கொட்டுவது என்று தரையில் குச்சியால் படமே போடுவார். அந்தக் குச்சி, வலை தைக்க வைத்திருந்த ஊசி.

படகு தள்ளாததற்கு ராக்கெட் இன்னொரு காரணம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் விடுகிற நாளில் குப்பத்து மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது கூலி போன நாள். மாமாவுக்குத் திருவிழா, சும்மா இருப்பதற்கு அரசாங்கமே உத்தரவு போட்டுவிட்டதே! அன்று அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு வரலாறு சொல்வார். 1979 ஆகஸ்ட் 10-ல் முதல் எஸ்.எல்.வி.-3 கிளம்பிய சில நிமிஷங்களில் வங்கக்கடலில் விழுந்தது. அடுத்த வருஷம் ஜூலை 18-ல் விட்டது ரோகிணி செயற்கைக்கோளைக் கொண்டுபோய் மேலே வைத்தது. “பாத்துக்கோ, அவ்ளோ படிச்சவங்களுக்கே ஒரு வருஷம் ஆச்சி. நமக்கு இன்னா அவசரம்?” அவர்கள் முதலில் ஒன்றை ஏவிப் பார்த்தார்கள் என்பதை மட்டும் மாமா கவனிப்பதில்லை.

டச்சுக்காரனையும் விடமாட்டார். 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியவன், 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டான். “பிளான் இல்லாம கட்டுனா இப்டித்தான்” என்று தீர்ப்பு. கோட்டை இன்று புதர் மண்டிய இடிபாடு. ஆனாலும் எழுபத்தேழு வருஷம் அங்கிருந்து வியாபாரம் பண்ணியவனைக் குறை சொல்ல, ஏழு நாள் சேர்ந்தாற்போல் படகு தள்ளாதவருக்கு எங்கிருந்து தைரியம் வருகிறதோ!

எனக்குத் தெரிந்த சோம்பேறிகள் எல்லாம் விதியின்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள். மாமா வேறு ரகம். காற்று, அலை, முகத்துவாரம், ராக்கெட் என்று தன் கைக்கு எட்டாத எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருக்கிறார். கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்கும் வலையைத்தான் விதியிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஆனால் அவர் திட்டங்கள் மட்டமானவை அல்ல. ஓடு மாற்றிய தண்ணி நண்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, மூன்று நாலு வாரம் கழிசல் மீனைப் போட்டுச் சதை பிடிக்கவைத்து விற்றால் விலை எகிறும் என்று ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் வரைக்கும் போகிற சரக்கு அது. கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி மகன் பாதியில் எழுந்து போய்விட்டான். “மரியாதை தெரியாத பையன்” என்று மாமாவுக்கு வருத்தம். பையன் போனது மூங்கிலும் வலையும் வாங்க. முதல் தடவை கட்டிய நண்டு அடைப்பே மழைவெள்ளத்தில் போய்விட்டது. மறுபடி, கொஞ்சம் மேட்டில் கட்டினான். இப்போது நண்டு எடை போடுகிற இடத்தில் மாமாவும் நிற்கிறார். “எல்லாம் நம்ம பிளான்தான்” என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். பையன் மறுப்பதில்லை. “ஆமா மாமா” என்று சொல்லிக்கொண்டே தராசைப் பார்க்கிறான்.

பழவேற்காட்டுப் பக்கம் போனால் மாமாவைத் தவறாமல் பாருங்கள். நல்ல யோசனை கிடைக்கும். பாதி கேட்டதும் எழுந்துவிடுங்கள். டீக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். இந்த மாத பட்ஜெட்டில் அவர் டீயை நிறுத்திவிட்டார்.