விடுதி வாளியின் தோற்றமும் தொலைவும்

தமிழில் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தப்பிய பொருள் இல்லை என்பார்கள். தப்பியது ஒன்று உண்டு. கோயம்புத்தூருக்குப் படிக்க வரும் மாணவன் சேர்க்கைக் கடிதத்தை ஒரு கையிலும், மறு கையில் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டு பேருந்தை விட்டு இறங்குகிறானே, அந்தப் பிளாஸ்டிக் வாளி. அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம் கோவையில் ஒரு மாணவர் விடுதி. பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் சான்றிதழ் வேலைகள் பாக்கி இருக்கின்றன. ஆய்வுக்காலம் நான்கு ஆண்டு. ஆய்வுப்பொருள் ஒரு வாளி, நிறம் சிவப்பு.

புது மாணவன் எப்போது வேர்பிடித்தான் என்பதை அடையாள அட்டையோ வருகைப் பதிவேடோ காட்டாது, வாளிதான் காட்டும் என்பது என் கருதுகோள்.

வேர்பிடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதில் கோவையின் கல்வி நிலையங்களே சரியான முன்மாதிரி இல்லை. 1868-இல் சென்னைச் சைதாப்பேட்டையில் பண்ணையோடு தொடங்கிய வேளாண் பள்ளி, 1906-இல் மூட்டை முடிச்சோடு கோவைக்கு வந்தது. அது பல்கலைக்கழகமானது 1971-இல். அதாவது வந்த இடத்தில் தலையெடுக்க அதற்கு 65 ஆண்டு பிடித்தது. பாரதியார் பல்கலைக்கழகமோ சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையமாக இருந்து 1982-இல் தனிக்குடித்தனம் போனது. இவற்றை நடத்துகிறவர்கள் பதினேழு வயதுப் பையனிடம், "ஒரே வாரத்தில் பழகிவிடும் தம்பி" என்று சொல்வதை ஆய்வுலகம் ஏற்பதற்கில்லை. மறுபக்கம் ஜி.டி. நாயுடு. 1945-இல் கோவையில் பொறியியல் கல்லூரி எழக் காரணமான அவர், நான்காண்டுப் படிப்பு வெட்டிச் செலவு, இரண்டே ஆண்டு போதும் என்றார். அரசு ஒப்பவில்லை, அவர் விலகிக்கொண்டார். அவர் சொல் நடந்திருந்தால் கோவை வாளிக் கடைக்காரர்களின் உத்தரவாதக் காலமும் பாதியாகியிருக்கும்.

அந்த உத்தரவாதத்தை நான் நேரில் கேட்டேன். என் அப்பா கோவில்பட்டிக்காரர். பேரம் பேசாமல் தேங்காய்கூட வாங்கமாட்டார். பெரிய கடைவீதியில் ஒரு கடை வாசலில் வாளியை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், கைப்பிடியை ஆட்டினார், விலை கேட்டார், பாதிக்குக் கேட்கக் குரலைச் செருமினார். கடைக்காரர் முந்திக்கொண்டார்: "ஏனுங்க, பையன் படிக்க வந்திருக்கான், உங்களுக்குப் போயி நான் எச்சாச் சொல்லுவனுங்களா? கெட்டிப் பொருளுங்க. நாலு வருசத்துக்கு ஒண்ணும் ஆவாதுங்க." நாலு வாக்கியத்துக்குள் இத்தனை 'ங்க' விழுந்த இடத்தில் அப்பாவால் வாய் திறக்க முடியவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு அவர்தான் கும்பிட்டார். கொங்கு வணிகத்தில் மரியாதை என்பது விலையின் ஒரு பகுதி என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

இனிக் கலைச்சொல் ஆய்வு. தெற்கிலிருந்து வருகிறவனுக்கு அது வாளி. கொங்கு மாணவனுக்குப் பக்கெட்டு. கைப்பிடியுள்ள பாத்திரம் எல்லாமே போசி என்று என் அறைத்தோழன் ஒருநாள் வாதிட்டான். அவன் காங்கேயத்துக்காரன், வீட்டுச் சோற்றைத் தூக்குப்போசியில் கொண்டுவருகிறவன். எத்தரப்பும் பிணங்காத ஒரே சொல், வாளிக்குள் கிடக்கும் 'மக்கு'. அதைத் தொலைத்தவனையும் அதே சொல்லால் அழைத்ததால் குழப்பமே எழவில்லை.

வாளியின் வம்சாவளி நீண்டது. கொங்கு நாடு பெரும்பாலும் ஆற்றை நம்பாமல் கிணற்றை நம்பிப் பிழைத்த மேட்டுநிலம். கவலை ஏற்றத்தில் இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடக்கயிற்றில் தொங்கும் சால் ஆழ்கிணற்றிலிருந்து மேலேறி வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கக்கும். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, மோட்டார் வந்தது, மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது, கோவை பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊரானது. தண்ணீர் இறைக்கும் கருவியை நாட்டுக்கே செய்து அனுப்பும் நகரத்தில், விடுதியின் மூன்றாம் மாடிக்கு மட்டும் தண்ணீர் ஏறாது. மாடுகள் செய்த வேலையை இப்போது முதலாண்டு மாணவன் செய்கிறான். அவன் சரிவில் இறங்குவதில்லை, படியில் ஏறுகிறான், அவ்வளவே வேறுபாடு.

அந்தத் தண்ணீரும் இரண்டு சாதி. குடிக்கச் சிறுவாணி, குளிக்க ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணி. உலகிலேயே இரண்டாவது சுவையான நீர் சிறுவாணி என்று கோவைக்காரர் சொல்வார்கள். முதலாவது எது என்று நான் பலரைக் கேட்டேன், ஆளுக்கொரு ஆற்றைச் சொன்னார்கள். இரண்டாமிடத்தில் மட்டும் ஐயமே இல்லை. உப்புத்தண்ணியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, சோப்பு நுரைக்காது, திரிந்த பால் மாதிரி ஒட்டும். வீட்டில் நுரைத்த சோப்பு இங்கே நுரைக்கவில்லை என்பதுதான் புது மாணவன் எழுதும் முதல் ஆய்வு முடிவு. அதை அம்மாவுக்குப் போனில் சமர்ப்பிக்கிறான்.

கல்வெட்டியல் பகுதியைச் சுருக்குகிறேன். வாளி வந்த அன்றே பெயரும் அறை எண்ணும் பொறிக்கப்படும். மார்க்கர் ஒரு மாதத்தில் அழியும், காய்ச்சிய ஆணி அழியாது. பேரூர்க் கோயில் சுவரைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது எளிது: கொடுத்தவர் பெயர், எல்லை, இறுதியில் சாபம். கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் இங்கே "எடுத்தவன் அரியர் வைப்பான்" என்று நவீன வடிவம் பெற்றுள்ளது. காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் ஆளுக்குப் பதில் வாளி வரிசையில் நிற்கலாம் என்பது, பேருந்தில் துண்டு போடும் சட்டத்தின் கிளை. வழக்கு வந்தால் தீர்ப்பும் அதே: துண்டை விட உட்கார்ந்தவனுக்குத்தான் வலு.

ஆனால் ஒரு கண்டுபிடிப்பை மட்டும் என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. சேர்க்கை முடிந்த முதல் இரண்டு வாரம், விடுதியில் வாளிகள் நிரம்பி வழிகின்றன. குளியலறைக் கதவு சாத்தியிருக்கும், குழாய் முழுதாகத் திறந்திருக்கும், வாளி எப்போதோ நிறைந்து தண்ணீர் தரையில் ஓடும், உள்ளே மொண்டு ஊற்றும் ஓசை மட்டும் வராது. கஞ்சத்தனமான கொங்கு நாட்டுத் தண்ணீர் இப்படி வீணாவதைக் கண்டு முதலில் குழாய் வாசரில் பழுது என்று குறித்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் நானே உள்ளே இருந்தேன். சாயங்காலம் சிங்காநல்லூர்ப் பேருந்து நிலையத்தில் அப்பாவை மதுரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த நாள் அது. குழாயைத் திறந்துவிட்டால் வெளியே ஒன்றும் கேட்காது. எவ்வளவு நேரம் என்று அளக்கவில்லை. கதவைத் திறந்தபோது வரிசையில் நான்கு பேர் நின்றார்கள், நால்வரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரை வீணடித்ததற்கு ஒருவனும் திட்டவில்லை. அடுத்துப் போனவனும் குழாயை முழுதாகத் திறந்தான். மூன்றாம் வாரத்திலிருந்து வாளிகள் நிறைந்ததும் குழாய்கள் தாமாக மூடின. வாசரை யாரும் மாற்றவில்லை.

அளவீட்டு முறைக்கு வருவோம். காங்கேயத்தான் முதல் வாரம் கதவருகே நின்று கேட்டான்: "உங்க பக்கெட்ட எடுத்துக்கட்டுங்களா?" ஆவணியில், "டேய், பக்கெட்டு எங்கடா வெச்ச? ஒட்டுக்காத் தண்ணி புடிச்சுட்டு வந்துர்றேன்." ஐப்பசியில் அவன் கேட்கவே இல்லை. வாளியும் இல்லை. கேள்வி மறைந்த நாளைத்தான் வேர்பிடித்த நாளாகக் கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறேன். வருகைப் பதிவேட்டைப் போல இதில் ஆள்மாறாட்டம் செய்ய முடியாது.

என் வாளி கார்த்திகை மாதத்தில் இரண்டாம் மாடியில் கண்டெடுக்கப்பட்டது. முன்பின் அறியாத ஒருவனுடைய ஜீன்ஸ் அதில் ஊறிக்கொண்டிருந்தது. என் பெயருக்கு மேல் வேறு பெயர், அதற்கு மேல் இன்னொன்று. மீட்கலாமா என்று நின்றேன். அப்போது என் கையில் இருந்த நீல வாளியில், 'ஆ. 112' என்று காய்ச்சிய ஆணியால் எழுதியிருந்தது. பேசாமல் மாடியேறினேன். அன்றிரவு அம்மா போனில், "வாளியெல்லாம் பத்திரமா வச்சிருக்கியாப்பா?" என்றாள். பத்திரமாக இருக்கிறது என்றேன். ஆய்வு நோக்கில் அது பொய் அல்ல.

மறு ஆண்டு ஆனியில், விடுதி வாசலில் ஒரு பையன் பச்சை வாளியோடு நின்றான். வாளிக்குள் மக்கு, மக்குக்குள் சோப்பு டப்பா, எல்லாம் அம்மா அடுக்கிய மாதிரியே இருந்தது. "அண்ணா, பேர் எழுத மார்க்கர் இருக்குங்களா?" என்றான். எடுத்துக் கொடுத்தேன். மார்க்கரின் மேல் யாரோ ஒருவனுடைய அறை எண் எழுதியிருந்தது.