வௌவாலுக்கும் சுத்தமான சங்கீதம்

ஆம்ப்ளிஃபயர் போர்டின் விலையைப்போல் மூன்று மடங்குக்கு ஃபில்டர் கட்டுவோரை நாடு இன்னும் கௌரவிக்கவில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் சப்ளை விநாடிக்குச் சாதாரணமாக 65,000 முறை மின்சாரத்தை வெட்டுகிறது. அந்த அட்டூழியத்தைச் சும்மா விடலாமா? 10 மைக்ரோஹென்றி காயிலும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் சுமார் 1,600 ஹெர்ட்ஸிலிருந்தே இரைச்சல் அடங்கத் தொடங்கும். ஒரு ஜோடி போதும் என்பது கணக்கின் கஞ்சத்தனம். பக்திக்கு நாலு ஜோடியாவது வேண்டும்.

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு கதவைச் சாத்திவிடுமே என்பார்கள். வௌவாலுக்குக் கேட்குமே! ராத்திரி பாட்டுப் போடும் வீட்டுக்கு அந்த நாகரிகம்கூட இல்லாவிட்டால் எப்படி? ஸ்பீக்கர் உறுமுவது பெரும்பாலும் கிரவுண்ட் லூப்பால்தான், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினாலே நின்றுவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். நிற்கும்தான். ஆனால் பிளக்கைப் பிடுங்குவதில் என்ன கைவண்ணம் இருக்கிறது? ஈயப்புகை வராத தீர்வு தீர்வே அல்ல.

இப்படி மாசுமருவின்றி வடித்தெடுத்த மின்சாரம் கடைசியில் ஆம்ப்ளிஃபயர் போர்டிலுள்ள டிபிஏ3116 சிப்புக்குள் போகிறது. அது கிளாஸ்-டி ஜாதி. வந்ததை விநாடிக்குக் குறைந்தது 4,00,000 முறை வெட்டுவதே அதன் பிழைப்பு. ஆகவே முழுமையான தீர்வு ஒன்றுதான்: சிப்பைக் கழற்றிவிட்டு ஃபில்டரை மட்டும் வைத்துக்கொள்வது. பாட்டு வராது; ஆனால் இரைச்சல் என்று ஒருவரும் குறை சொல்ல முடியாது.